9 சதவீதம் அதிகம் என்றால் எத்தனை பேருக்கு?

கோபியில் பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தபோது ஃபிரிட்ஜ் மேல் இருந்த மாத்திரை டப்பாவைத் தற்செயலாகத் திறந்தேன். காலையில் போடுவது, மத்தியானம் போடுவது எல்லாம் பாதி தீர்ந்திருந்தது. ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் போட வேண்டிய கொழுப்பு மாத்திரை மட்டும் ஒன்றுகூடப் பிரிக்காமல் அட்டையோடு இருந்தது. கூடவே மடித்து வைத்திருந்த பில்லைப் பார்த்தால் வாங்கி மூன்று வாரம் ஆகியிருக்கிறது. இரண்டு வருஷத்துக்கு முன் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர் அவர்.

"அதைப் போட்டாச் சர்க்கரை வருதாங்கண்ணு. ஆராய்ச்சி பண்ணிக் கண்டுபிடிச்சிருக்காங்க. உங்க மாமன்தான் போன்ல அனுப்பிவிட்டான்."

போனை வாங்கிப் பார்த்தேன். கொழுப்பு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் அபாயம் 9 சதவீதம் அதிகம் என்று போட்டிருந்தது. கீழே குடும்பத்தார் பதில்கள். "நான் அப்பவே சொன்னேன்" என்று ஒருவர், "எல்லாம் மருந்து கம்பெனி வேலை" என்று இன்னொருவர், "நாளைக்கே வேற ஆராய்ச்சி வந்து இதுதான் நல்லதுன்னு சொல்லும் பாருங்க" என்று மூன்றாமவர். புதிதாக ஒரு ஆய்வு வெளியானால் நாம் சொல்வது பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். பெரியம்மா எதுவும் சொல்லவில்லை, பேசாமல் மாத்திரையை நிறுத்திவிட்டார்.

எனக்குத் தூக்கி வாரிப்போட்டது ஏன் என்றால், அந்தச் செய்தி பொய் இல்லை. 9 சதவீதம் என்பது 2010-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வின் எண்தான். 13 சோதனைகளில் கலந்துகொண்ட 91,140 பேரின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்துச் சொன்னது. எண் சரி, அது புரிந்துகொள்ளப்பட்ட விதம்தான் தவறு. ஒரு ஆய்வுச் செய்தியை எப்படிப் படிப்பது என்று பெரியம்மாவுக்கு உட்கார்ந்து சொன்னதையும் அன்று சொல்ல நேரமில்லாமல் போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். கணக்கு என்று பயப்பட வேண்டாம், பள்ளிக்கூடத்தில் படித்த சதவீதம் நினைவிருந்தால் போதும்.

50 சதவீதம் தள்ளுபடி, எதில்?

ஆடி மாதம் ஜவுளிக்கடை வாசலில் 50 சதவீதம் தள்ளுபடி என்று பேனர் கட்டியிருப்பார்கள். அது 40 ரூபாய் கைக்குட்டையில் என்றால் மிச்சம் 20 ரூபாய். 20,000 ரூபாய் பட்டுப்புடவையில் என்றால் மிச்சம் பத்தாயிரம். பேனரில் இருப்பது ஒரே எண், கையில் மிஞ்சுவது வேறு வேறு. கடைக்குள் போனால் விலைச்சீட்டைத் திருப்பிப் பார்க்காமல் நம்மில் யாரும் எதையும் வாங்குவதில்லை. ஆய்வுச் செய்தி என்றால் மட்டும் பேனரோடு திரும்பி வந்துவிடுகிறோம்.

இதில் விலைச்சீட்டுக்குப் பெயர் அடிப்படை அபாயம். அந்த மாத்திரையோ அந்தப் பழக்கமோ இல்லாமலே, ஆயிரம் பேரில் எத்தனை பேருக்கு அந்த நோய் வரும் என்ற எண்ணிக்கை. பேனரில் இருக்கும் எண் ஒப்பீட்டு அபாயம். அடிப்படை எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் எவ்வளவு கூடியது, எவ்வளவு குறைந்தது என்று சொல்வது.

சரி, மாத்திரைக்கு வருவோம். அந்தச் சோதனைகளில் கொழுப்பு மாத்திரை கொடுக்கப்படாதவர்களில் ஆயிரத்துக்குச் சுமார் 45 பேருக்கு, ஏறக்குறைய நான்கு ஆண்டுகளில், சர்க்கரை நோய் வந்தது. கொடுக்கப்பட்டவர்களில் ஆயிரத்துக்குச் சுமார் 49 பேர். 45-ஓடு 4 கூடினால் கிட்டத்தட்ட 9 சதவீதம் அதிகம், அவ்வளவுதான். ஆயிரம் பேரில் நான்கு பேருக்குக் கூடுதல் என்று செய்தி வந்திருந்தால் மாமா அதை அனுப்பியிருப்பாரா என்பதே சந்தேகம்.

இந்தக் குழப்பத்துக்கு ஒரு நாடே விலை கொடுத்திருக்கிறது. 1995 அக்டோபரில் பிரிட்டனில், புதிய வகைக் கருத்தடை மாத்திரைகளால் ரத்தக்குழாயில் ரத்தம் உறையும் அபாயம் இரண்டு மடங்கு என்று அதிகாரிகள் எச்சரித்தார்கள். கேட்ட பெண்கள் மாத்திரையை நிறுத்தினார்கள். அந்த இரண்டு மடங்கு என்பது, 7,000 பெண்களில் ஒருவருக்கு வந்துகொண்டிருந்தது இரண்டு பேருக்கு வருகிறது என்பதுதான். அடுத்த ஒரு வருஷத்தில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கருக்கலைப்புகள் ஏறத்தாழ 13,000 கூடின என்று கணக்கிட்டிருக்கிறார்கள். கர்ப்பமாக இருப்பதே அந்த மாத்திரையைவிட அதிகமாக ரத்தம் உறைய வைக்கும். எதற்குப் பயந்து நிறுத்தினார்களோ அதைவிடப் பெரிய ஆபத்துக்குள் போய் விழுந்தார்கள். 7,000-ல் 2 என்று ஒரு வரி சேர்த்துச் சொல்லியிருந்தால் அதில் பெரும்பகுதி நடந்திருக்காது என்று எனக்குப் படுகிறது. நினைக்க நினைக்க மனசு கேட்கவில்லை.

255 புளியங்கொட்டை

பெரியம்மாவிடம் சதவீதம் பேசிப் பயனில்லை என்று தெரியும். பல்லாங்குழி ஆட வைத்திருந்த புளியங்கொட்டை டப்பாவை எடுத்து வந்து, சமையலறைத் தரையில் உட்கார்ந்து, 255 எண்ணினேன். நடுவில் இரண்டு முறை கணக்கு விட்டுப்போய் முதலில் இருந்து எண்ண வேண்டியதாகிவிட்டது. 255 என்பது நானாகச் சொல்லும் எண் இல்லை, அந்த ஆய்விலேயே இருப்பது.

"இவங்க அத்தனை பேரும் உங்கள மாதிரி மாத்திரை போடறவங்க பெரியம்மா. நாலு வருஷமாப் போடறாங்க." ஒரு கொட்டையை எடுத்து வலது பக்கம் தனியாக வைத்தேன். "இந்த ஒருத்தருக்கு மாத்திரையால சர்க்கரை வந்திருக்கு." அப்புறம் ஐந்தை எடுத்து இடது பக்கம் வைத்தேன். "இவங்களுக்கு வந்திருக்க வேண்டிய மாரடைப்பு, மாத்திரை போட்டதால வரல."

கெட்ட கொழுப்பு குறிப்பிட்ட அளவு குறைந்தால் அதே 255 பேரில் நான்கு ஆண்டில் சுமார் ஐந்து மாரடைப்புகளோ இதயநோய் மரணங்களோ தடுக்கப்படும் என்பதையும் ஆய்வாளர்களே அந்தக் கட்டுரையில் எழுதியிருக்கிறார்கள். ஒரு பக்கம் ஒன்று, இன்னொரு பக்கம் ஐந்து. கைமாறி மாமாவின் போனுக்கு வந்து சேர்ந்தபோது ஒன்று மட்டும், அதுவும் சதவீதமாக உருமாறி, வந்திருக்கிறது.

பெரியம்மா ஐந்து கொட்டைகளையும் விரலால் நகர்த்திக்கொண்டே இருந்தார். "இதை ஏன் அவங்க போடல?" என்றார்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான். சதவீதத்தைப் பார்த்தால் எதில் என்று கேட்க வேண்டும், அதை எத்தனை பேரில் எத்தனை பேர் என்று மாற்றிக்கொள்ள வேண்டும், கெடுதலைச் சொல்லும் செய்தியில் நன்மையின் எண்ணிக்கையும் இருக்கிறதா என்று தேட வேண்டும்.

நூற்றுக்கு நூறு பள்ளிக்கூடம்

அடுத்த சிக்கல் கொஞ்சம் ஆழமானது. எத்தனை பேர் என்பது தெரிந்தாலும், யாரை யாரோடு ஒப்பிட்டார்கள் என்பது தெரிய வேண்டும்.

நம் ஊர்ப்பக்கம் பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாள் பேனர் கட்டும் பள்ளிகள் உண்டு. அதில் சில, பத்தாம் வகுப்பில் 450-க்கு மேல் வாங்கிய பிள்ளைகளை மட்டுமே பதினொன்றில் சேர்த்துக்கொள்ளும். இரண்டு வருஷம் கழித்து அந்தப் பிள்ளைகள் நல்ல மார்க் வாங்கினால் அது பள்ளியின் திறமையா, பிள்ளைகள் வரும்போதே கொண்டுவந்ததா? பேனரைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

மக்கள் தாங்களாகவே செய்துகொண்டிருப்பதை ஓரமாக நின்று பார்த்துக் கணக்கெடுக்கும் ஆய்வுக்கு அவதானிப்பு ஆய்வு என்று பெயர். காபி குடிக்கிறவர்கள் அதிக நாள் வாழ்கிறார்கள், காலைச் சாப்பாட்டைத் தவிர்க்கிறவர்கள் குண்டாகிறார்கள் என்று வருவதில் பெரும்பாலானவை இந்த வகை. இரண்டு விஷயங்கள் சேர்ந்தே காணப்படுகின்றன, அதாவது தொடர்பு இருக்கிறது, என்பதை இது காட்டும். ஒன்று மற்றதற்குக் காரணம் என்று இதை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை நமக்குத் தெரியும், அது தற்செயல். ஆய்வுகளில் இன்னொன்றும் நடக்கும். காக்கையை அந்தக் கிளையில் ஒதுங்க வைத்ததும் பழத்தை உதிர்த்ததும் ஒரே காற்றாக இருக்கும், அந்தக் காற்று நம் கண்ணில் படாது.

அந்தக் காற்று எவ்வளவு பலமாக அடிக்கும் என்பதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் ஒன்று. அமெரிக்காவில் மாரடைப்பு வந்து பிழைத்த ஆண்களிடம் ஒரு மருந்தைச் சோதித்தார்கள், முடிவுகள் 1980-ல் வந்தன. ஒரு பிரிவினருக்குக் கொடுத்தது வெற்று மாத்திரை, அதாவது பார்க்க மருந்து மாதிரியே இருக்கும், உள்ளே மருந்து இருக்காது. அந்த வெற்று மாத்திரையை ஒழுங்காகப் போட்டுவந்தவர்களில் ஐந்து ஆண்டில் இறந்தவர்கள் சுமார் 15 சதவீதம். அதே வெற்று மாத்திரையை ஒழுங்காகப் போடாதவர்களில் சுமார் 28 சதவீதம். மருந்தே இல்லாத மாத்திரை உயிர் காத்திருக்க முடியாது. ஒன்றுமில்லாத மாத்திரையையும் மறக்காமல் போடுகிற மனுஷர் வேளைக்குச் சாப்பிடுகிறவராக, டாக்டர் சொன்னால் கேட்கிறவராக, வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறவராக இருந்திருக்கலாம். உடம்பு ரொம்ப முடியாமல் போனவர்கள் மாத்திரையையும் விட்டிருக்கலாம். இப்படி எத்தனையோ.

இதற்கு என்ன வழி? குலுக்கல் சீட்டு. யார் மருந்து சாப்பிடுவது, யார் வெற்று மாத்திரை சாப்பிடுவது என்பதை அவரும் முடிவு செய்யக் கூடாது, டாக்டரும் முடிவு செய்யக் கூடாது. நிறையப் பேரைக் குலுக்கிப் போட்டால் ஒழுங்கானவர், மறதிக்காரர், பணக்காரர், ஏழை எல்லாரும் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாக விழுவார்கள். அப்புறம் வரும் வித்தியாசத்துக்கு மருந்துதான் காரணம் என்று தைரியமாகச் சொல்லலாம். இதைச் சமவாய்ப்புச் சோதனை என்பார்கள்.

சுருக்கமாக, பார்த்துக் கணக்கெடுத்தது தொடர்பைத்தான் சொல்லும், குலுக்கிப் பிரித்துச் செய்தது காரணத்தைச் சொல்லும். செய்தியில் இரண்டும் ஒரே மாதிரி "ஆய்வில் கண்டுபிடிப்பு" என்றுதான் வரும்.

நேற்று ஒன்று, இன்று ஒன்று

ஆராய்ச்சிக்காரர்கள் மாற்றி மாற்றிப் பேசுகிறார்கள் என்ற புகாருக்கு இங்கேதான் பதில் இருக்கிறது. மாதவிடாய் நின்ற பெண்களுக்குக் கொடுக்கும் ஹார்மோன் மாத்திரையின் கதையைப் பாருங்கள். அமெரிக்காவில் 1976-ல் தொடங்கி ஆயிரக்கணக்கான நர்ஸ்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், ஹார்மோன் எடுத்துக்கொண்டவர்களுக்கு இதயநோய் குறைவாக இருந்தது. இதயத்துக்கு நல்லது என்று நம்பி லட்சக்கணக்கான பெண்களுக்கு எழுதிக் கொடுத்தார்கள். அது அவதானிப்பு ஆய்வு. அப்புறம் 16,608 பெண்களைக் குலுக்கிப் பிரித்துச் சோதித்தார்கள். அந்தச் சோதனையை 2002-ல் பாதியிலேயே நிறுத்த வேண்டி வந்தது. இதயத்துக்குப் பாதுகாப்பு கிடைக்கவில்லை, மார்பகப் புற்றுநோய் 26 சதவீதம் அதிகம்.

உடனே எதிர்ப்பக்கம் ஓடினார்கள். ஏராளமான பெண்கள் மாத்திரையைத் தூக்கி எறிந்தார்கள். நாம் இப்போது என்ன கேட்க வேண்டும்? எதில் 26? வருஷத்துக்குப் பத்தாயிரம் பெண்களில் 30 பேருக்கு வந்தது, மாத்திரை சாப்பிட்டவர்களில் 38 ஆனது. அதோடு, சோதனையில் இருந்தவர்களின் சராசரி வயது 63. மாதவிடாய் நின்ற புதிதில், ஐம்பது வயதுப் பெண் உடம்பு தகதகவென்று எரிந்து தூக்கமில்லாமல் தவிக்கும்போது எடுத்துக்கொள்வதும் இதுவும் ஒன்றா என்ற கேள்வி அப்புறம்தான் எழுந்தது, அதற்குப் பிறகு வயதுவாரியாகப் பிரித்துப் பார்க்கத் தொடங்கினார்கள்.

இதை மாற்றிப் பேசுவது என்று எனக்குச் சொல்லத் தோன்றவில்லை. இருட்டில் கைவிளக்கை எடுத்துக்கொண்டு போனவர்கள் அப்புறம் டியூப்லைட் போட்டார்கள், அப்புறம் ஜன்னலையும் திறந்தார்கள். ஒவ்வொரு முறையும் தெரிந்ததை முழு வீடு என்று நம்பிவிட்டதுதான் பிரச்சினை.

பிள்ளையும் மிட்டாயும்

மனசைப் பற்றிய ஆய்வுகள் இன்னும் வேகமாக வீட்டுக்குள் வந்துவிடுகின்றன, ஏனென்றால் அவற்றை நாமே சோதித்துப் பார்க்கலாம். என் அக்கா ஒரு தீபாவளி சமயம் தன் நான்கு வயது மகன் முன்னால் ஒரு பால்கோவாவை வைத்து, "அம்மா வர்ற வரைக்கும் சாப்பிடாம இருந்தா இன்னொண்ணு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். கதவை முழுசாகச் சாத்துவதற்குள் அவன் வாயில் போட்டுக்கொண்டான். அடுத்த ஒரு வாரம் அவள் முகமே சரியில்லை. பொறுமையில்லாத பிள்ளை பின்னால் படிப்பில் தேறாது என்று எங்கோ படித்திருக்கிறாள்.

அவள் படித்தது அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் வால்டர் மிஷெல் 1960-களின் கடைசியில் தொடங்கிய மார்ஷ்மெல்லோ சோதனை. மார்ஷ்மெல்லோ என்பது பஞ்சு மாதிரி இருக்கும் ஒரு மிட்டாய். காத்திருந்த பிள்ளைகள் வளர்ந்தபின் தேர்வுகளில் நல்ல மதிப்பெண் வாங்கினார்கள் என்று பின்னால் எழுதினார்கள். ஆனால் அந்தப் பிள்ளைகள் பல்கலைக்கழக வளாகத்து மழலையர் பள்ளியில் படித்தவர்கள், வளர்ந்தபின் விவரம் கிடைத்ததோ அவர்களில் கொஞ்சம் பேருக்குத்தான். 2018-ல் வேறு ஆய்வாளர்கள், பல குடும்பச் சூழல்களில் இருந்து வந்த 900-க்கும் மேற்பட்ட பிள்ளைகளின் விவரங்களை எடுத்துப் பார்த்தார்கள். அந்தத் தொடர்பு பாதியாகத்தான் தெரிந்தது. வீட்டுச் சூழலையும் பிள்ளையின் ஆரம்பத் திறன்களையும் கணக்கில் சேர்த்ததும் மிஞ்சியதிலும் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. மறுபடியும் அந்தக் காற்றுதான்.

ஒரு ஆய்வை வேறு ஆட்கள் வேறு இடத்தில் திரும்பச் செய்து பார்ப்பது மீள்சோதனை. உளவியல் துறையினரே 2015-ல் நேர்மையாக ஒன்று செய்தார்கள். வெளியான 100 ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தார்கள். முதலில் அவற்றில் 97 சதவீதம் தெளிவான முடிவு கண்டதாகச் சொல்லியிருந்தன. திரும்பச் செய்தபோது 36 சதவீதத்தில்தான் அந்த மாதிரி முடிவு வந்தது. மற்றதெல்லாம் மோசடி என்று அர்த்தம் எடுக்கக் கூடாது. இருபது முப்பது பேரை வைத்துச் செய்த ஆய்வில் தற்செயலாக ஒரு வித்தியாசம் தெரிவது சுலபம், அப்படித் தெரிந்ததுதான் அச்சுக்கும் போகிறது, ஒன்றும் தெரியாதவை மேஜைக்குள்ளேயே கிடக்கின்றன.

அக்காவிடம் இதையெல்லாம் சொன்னேன். அவளுக்கு நிம்மதி தந்தது எண்கள் இல்லை, என் மருமகன் சொன்ன ஒரு வாக்கியம். "நீ போன தடவையும் தர்றேன்னு சொல்லிட்டுத் தரல." சொன்ன சொல்லைக் காப்பாற்றாத பெரியவரிடம் பிள்ளைகள் காத்திருக்க மாட்டார்கள் என்று 2013-ல் ஓர் ஆய்வும் வந்திருக்கிறது. அது வெறும் 28 பிள்ளைகளை வைத்துச் செய்தது, அதனால் அதையும் கொஞ்சம் தள்ளி வைத்தே சொல்கிறேன்.

மிகைப்படுத்துவது யார்?

பத்திரிகைக்காரர்கள்தான் என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். பிரிட்டனில் 20 பல்கலைக்கழகங்கள் வெளியிட்ட 462 பத்திரிகைக் குறிப்புகளை ஆராய்ந்து 2014-ல் ஒரு கட்டுரை வந்தது. மக்களுக்குச் சொல்லும் அறிவுரை அவற்றில் 40 சதவீதத்தில் ஆய்வில் இருந்ததைவிட ஊதியிருந்தது. மூன்றில் ஒரு பங்கில், தொடர்பு என்று ஆய்வில் இருந்தது காரணம் என்று ஆகியிருந்தது. விலங்குகளிடம் செய்ததை மனுஷருக்குப் பொருத்திச் சொன்னதும் ஏறக்குறைய அதே அளவு. நிருபர் கைக்கு வருவதற்கு முன்பே, ஆய்வு பிறந்த வீட்டிலேயே, பாதி வேலை முடிந்துவிடுகிறது.

அந்தச் செய்தியைப் படித்து மாத்திரையை நிறுத்துகிறவர்கள் பெரியம்மா ஒருவர் மட்டும் இல்லை. டென்மார்க்கில் 1995 முதல் 2010 வரை கொழுப்பு மாத்திரை எடுத்துக்கொண்ட 6,74,900 பேரைப் பார்த்தார்கள். மாத்திரையைப் பற்றி மோசமான செய்திகள் வந்த காலத்தில் ஆரம்பத்திலேயே நிறுத்துகிறவர்கள் கூடினார்கள், நல்ல செய்திகள் வந்தபோது குறைந்தார்கள். அப்படி நிறுத்தியவர்களுக்கு மாரடைப்பு 26 சதவீதம் அதிகம்.

இந்த எண்ணைப் பெரியம்மாவிடம் சொல்லிப் பயமுறுத்தியிருக்கலாம், வேலை நடந்திருக்கும். சொல்லவில்லை. இதுவும் அவதானிப்பு ஆய்வு. மாத்திரையை விட்டவர்கள் நடைப்பயிற்சியையும் விட்டிருக்கலாம், வெற்று மாத்திரைக் கதையில் பார்த்த அதே சங்கதி. மாத்திரையின் நன்மைக்குக் குலுக்கல் சோதனைகளே இருக்கும்போது பலவீனமான ஆதாரத்தைத் தூக்கிக்கொண்டு வர வேண்டியதில்லை. நமக்குச் சாதகமான ஆய்வு என்றால் கேள்வி கேட்காமல் விட்டுவிடுவதும் ஒரு தவறுதான், நானும் செய்கிற தவறு.

அந்த ஒன்று

புளியங்கொட்டைகளை அள்ளி டப்பாவில் போடும்போது பெரியம்மா வலது பக்கத்து ஒற்றைக் கொட்டையை எடுத்துக் காட்டினார். "இந்த ஒண்ணு நானா இருந்தா?"

நியாயமான கேள்வி. எந்த ஆய்வாலும் அதற்குப் பதில் சொல்ல முடியாது. ஆய்வு கூட்டத்தைப் பற்றிச் சொல்லும், கூட்டத்தில் நாம் எந்தக் கொட்டை என்று அதற்குத் தெரியாது. ஏற்கெனவே சர்க்கரை எல்லையை ஒட்டி இருக்கிறவர்கள் அந்த ஒன்றாக ஆகும் வாய்ப்பு அதிகம். அதேபோல ஒருமுறை மாரடைப்பு வந்தவருக்கு அடிப்படை அபாயமே அதிகம், அதனால் இடது பக்கத்து ஐந்து இன்னும் கூடும். இந்த இரண்டையும் அவர் உடம்பை வைத்துப் பார்க்க வேண்டியது டாக்டர்.

மறுநாள் போனோம். மூன்று மாதச் சர்க்கரை அளவு பார்க்க ரத்தம் எடுத்தார்கள், எல்லைக்கு உள்ளே இருந்தது. ஆறு மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம், மாத்திரையை மட்டும் நிறுத்த வேண்டாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து, ராத்திரி ரசஞ்சோறு சாப்பிட்டு, தட்டைக் கழுவி வைத்துவிட்டு, பெரியம்மா ஃபிரிட்ஜ் மேலிருந்து அந்த அட்டையை எடுத்து முதல் மாத்திரையைப் பிரித்தார்.